நாலு என்று சொன்னேன்

சுங்கை ஆராவில் தெய்க் ஹுவாட் வீட்டுக் கதவில்
நோட்டீஸ் ஒட்டிய மறு வாரம்
லோரியில் கட்டில் போனது, ஐஸ்பெட்டி போனது.
பதினான்காம் மாடிக்குப் போக முடியாத நாலு கோழிகள்
மைலோ அட்டைப்பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தன.
"சும்மா சேர்த்து விடு, அதுங்களே பார்த்துக்கும்" என்றார்
மலாயில், லோரிக்காரனைப் பார்த்தபடி.

நான் சேர்க்கவில்லை.
என்னிடம் இருந்தவை ஆறு.
முதல் கொத்து கறுப்பிக்கு, மிச்சம் மற்றவைக்கு என்று
கொல்லையில் ஒரு சட்டம் ஓடிக்கொண்டிருந்தது.
முன்பொரு தடவை ஒற்றைப் பெட்டையை நேரே உள்ளே விட்டு
காலையில் மண்டைத் தோல் உரிந்ததை
இரண்டு கையாலும் அள்ளியிருக்கிறேன்.

ஆகவே கார் கொட்டகை, வாஷிங் மெஷினுக்குப் பக்கம்,
முப்பது நாள் தனிக் குடித்தனம்.
அவற்றுக்கென்று ஒரு வாளி, எனக்கு வேறு செருப்பு.
கறுப்பி கூட்டத்துக்குத் தீனி வைத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருவேன்.
இறக்கை தூக்கிப் பேன் பார்த்தேன்,
கால் செதில் பார்த்தேன்,
எச்சத்தைக் குச்சியால் கிண்டினேன்.
"எங்கப்பா உங்களைக்கூட இவ்வளவு விசாரிக்கலை"
என்றாள் கோகிலவாணி, துணி பிழிந்துகொண்டே.

ஒன்பதாம் நாள் சாம்பல் நிறத்தது தும்மியது.
பதினோராம் நாள் ஒரு கண் மூடிக்கொண்டது.
பதின்மூன்றாம் நாள்
ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால்
மூலையில் விறைத்துக் கிடக்கிறது.
மற்ற மூன்றும் அதன் முதுகில் ஏறி நின்று
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

சாயங்காலம் போன்.
"நாலும் சாப்பிடுதா?"
"நாலும் சாப்பிடுது."
பிறகு அவர் லிஃப்டைப் பற்றிப் பேசினார்.
எட்டுப் பேர் ஏறினாலும் எட்டுப் பேரும்
நம்பர் எரிவதையே பார்க்கிறார்களாம்.

நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

முப்பது முடிந்ததும் கொல்லைக்கு நடுவே கம்பி வலை.
அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் ஆறு.
முதல் நாள் கறுப்பி வலையோடு மோதி மோதி
தன் அலகையே வலிக்கவைத்துக்கொண்டது.
நாலாம் நாள் வலையோரம் மண் குளித்தது.
ஏழாம் நாள் முதுகைக் காட்டிப் படுத்தது.
கோழி முதுகைக் காட்டினால் அது பாதி சம்மதம்.

அன்றிரவு, டார்ச் வெளிச்சத்தைக் கைலிக்குள் பொத்தி,
ஒவ்வொன்றாகத் தூக்கிப் பரண் கம்பில் வைத்தேன்.
உர்ர் என்றது ஒன்று. நகர்ந்தது இன்னொன்று.
இருட்டில் கோழிக்கு எண்ணத் தெரியாது.

விடிந்தால் தெரியும்.
ஐந்தரைக்கே போய் நின்றேன்.
தீனித் தட்டு மூன்று, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில்;
ஒளிந்துகொள்ளச் சாய்த்த பலகை;
கயிற்றில் தொங்கும் முட்டைக்கோஸ், கோபத்தை அதில் கொத்தித் தீர்க்க.
இருந்தும் கறுப்பி பாய்ந்தது.
கொண்டையில் ஒரு சொட்டு.
இரத்தத்தைக் கண்டால் கோழிக்கு வெறி ஏறும்,
ஓடிப்போய் ஊதா மருந்தைப் பூசினேன்.
கொண்டை ஊதாவானது, என் விரல் ஊதாவானது,
கறுப்பி அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு
முட்டைக்கோஸுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை தெய்க் ஹுவாட் பஸ் பிடித்து வந்தார்,
ஒரு பை தாவ்கே வாலோடு.
கூடு ஏறும் நேரம்.
விரலை நீட்டி ஹொக்கியனில் எண்ணினார்.
ஒன்பதில் விரல் நின்றது.
முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.
நான் ஊதா விரலைக் கைலியில் துடைத்தேன். போகவில்லை.

அவர் பையை உதறி மடித்தார்.
"பக்கத்து வீட்டுக்காரம்மா இன்னைக்குக் கேட்டாங்க," என்றார்,
"உங்க பைப்பிலயும் தண்ணி மெதுவாத்தான் வருதான்னு."